வயலுக்குள் போகலாமா? ஆல்ஃப்ரிஸ்டனிலிருந்து கடல்வரை நடக்க ஒரு வழிகாட்டி

இங்கிலாந்துக்கு வந்த முதல் வருடம், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வயல்வெளிக் கேட் ஒன்றின் முன் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவன் நான். கேட்டுக்கு அந்தப் பக்கம் நெஞ்சளவு உயரத்துக்கு மஞ்சள் பூ. நம் ஊர்க் கடுகுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்போல இருக்கும் ரேப்சீட் பயிர். நடுவே ஓர் ஆள் போகிற அகலத்துக்குப் பாதை. கேட்டில் பூட்டு இல்லை. ஆனாலும் அடுத்தவர் நிலம், யாராவது வந்து சத்தம் போட்டால் என்ன சொல்வது என்று ஒரு தயக்கம். ஊரில் வரப்பில் நடக்க யாரிடமும் கேட்டதில்லை. இங்கே வந்ததும் அந்தக் கால் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நான் நின்றுகொண்டிருக்கும்போதே எழுபது வயதுத் தம்பதி ஒன்று "மார்னிங்" சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்து, பூவுக்குள் புகுந்து போய்விட்டது.

கேட்டுத் தூணில் உள்ளங்கை அளவு வட்டத் தகடு, அதில் ஒரு மஞ்சள் அம்பு. நான் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்திருந்தேன். இது பொது நடைபாதை, நடந்துபோக உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்பதுதான் அந்த அம்புக்கு அர்த்தம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் சுமார் 2,25,000 கி.மீ. இருக்கின்றன. நிலம் விவசாயியுடையது. அதன் குறுக்கே போகும் அந்தக் கோடு எல்லோருக்கும் பொது. இது மனதில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, நேரத்தையும் கடலையும் கணக்கில் வைப்பது.

படிப்பதற்கோ வேலைக்கோ புதிதாக வந்து, கார் வாங்காமல், வார இறுதியில் ஷாப்பிங் சென்டரைச் சுற்றிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொதுவாகப் பேசினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அதனால் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஊர் ஆல்ஃப்ரிஸ்டன். கிழக்கு சசெக்ஸில், கக்மியர் ஆற்றங்கரையில் இருக்கிறது. இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்கவேண்டிய அளவுக்குக் குறுகலான ஒரே ஒரு பெரிய தெரு, அதன் இருபுறமும் சாய்ந்து நிற்கும் பழைய மரச்சட்ட வீடுகள். தெருவுக்குப் பின்னால் புல்வெளி, அதன் நடுவில் 14-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். தேவாலயத்துக்குப் பக்கத்தில் கூரை வேய்ந்த ஒரு பாதிரியார் வீடு உண்டு. 1896-இல், பழைய கட்டடங்களையும் நிலங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு முதன்முதலில் வாங்கிய கட்டடம் அதுதான், விலை 10 பவுண்டு. ஆறு, குன்று, காடு, கடல் நான்கையும் ஒரே ஊரிலிருந்து நடந்தே எட்டலாம் என்பதால்தான் புதியவர்களுக்கு இதைச் சொல்கிறேன். ஊரிலிருந்து கடலுக்கு ஏறக்குறைய 7 கி.மீ.

போய்ச் சேர்வது

லண்டன் விக்டோரியாவிலிருந்து லூயிஸ் ஊருக்கு ரயில், ஒரு மணி நேரம் சொச்சம். அங்கே மாறி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ரயிலில் பெர்விக்கில் இறங்கவேண்டும். டிக்கெட் எடுக்கும்போது ஜாக்கிரதை: ஸ்காட்லாந்து எல்லையில், நாட்டின் மறுகோடியில், இன்னொரு பெர்விக் இருக்கிறது. ஆப்பில் "பெர்விக், சசெக்ஸ்" என்று இருக்கிறதா பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கேட்ட விலை நூறு பவுண்டைத் தாண்டினால் நீங்கள் வேறு பெர்விக்குக்குக் கிளம்பிவிட்டீர்கள் என்று பொருள்.

பெர்விக் ஸ்டேஷனிலிருந்து ஆல்ஃப்ரிஸ்டனுக்கு பஸ் உண்டு. இந்தப் பகுதியில் தன்னார்வலர்கள் ஓட்டும் கக்மியர் சமுதாய மினி பஸ்ஸும் ஓடுகிறது. ஆனால் நம் டவுன் பஸ் மாதிரி அடுத்தது பின்னால் வரும் என்று நினைத்தால் கதை கந்தல். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு, குளிர்கால அட்டவணை வேறு. முந்தின நாள் இரவே பார்த்து, திரும்பி வரும் கடைசி பஸ்ஸின் நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள். ஃபோனில் ஸ்கிரீன்ஷாட் போதும் என்பீர்கள். பள்ளத்தாக்கில் குளிரில் பேட்டரி எப்படி உருகும் என்று பார்த்தவன் சொல்கிறேன், காகிதம் நல்லது.

பஸ்ஸை விட்டுவிட்டால் நடந்தே போகலாம், 5 கி.மீ.க்குள்தான். அப்படி நடந்தால் பெர்விக் கிராமத்துத் தேவாலயத்தைத் தாண்டிப் போகும் பாதையைப் பிடியுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டங்கன் கிரான்ட்டும் வேனெஸ்ஸா பெல்லும் வரைந்த சுவரோவியங்கள் உள்ளே இருக்கின்றன. பைபிள் காட்சிகளின் பின்னணியில் தெரிவது நீங்கள் வெளியே பார்த்துவிட்டு வந்த அதே சசெக்ஸ் குன்றுகள்.

கடற்கரைப் பக்கத்து நடைகளுக்கு இன்னொரு வழி உண்டு. பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே கடலை ஒட்டி ஓடும் 12-ஆம் எண் பஸ், சீஃபோர்டு வழியாக வந்து எக்சீட் என்ற இடத்தில் நிற்கும். அந்த நிறுத்தத்தின் பெயர் செவன் சிஸ்டர்ஸ் பார்க் சென்டர். இது அடிக்கடி வரும் பஸ். மூன்றாவது நடைக்கு இதுதான் உயிர்நாடி.

அம்பையும் வரைபடத்தையும் வாசிப்பது

மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும். சேறு குளம்படிகளால் குழம்பிக் கிடக்கும் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். ஓக் மரத்துக் கொட்டையின் படம் போட்டிருந்தால் அது தேசிய நெடும்பாதை. இங்கே அது சவுத் டவுன்ஸ் வே: வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்னில் முடியும் 160 கி.மீ. பாதை.

அம்பு எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறதோ அந்தத் திசையில்தான் பாதை போகும். கேட்டருகே நின்று, அம்பின் கோட்டை வயலுக்குள் கண்ணால் நீட்டிப் பார்த்தால் எதிர் வேலியில் அடுத்த கேட் தெரியும். பயிரின் நடுவே போகச் சொன்னால் போகலாம், குற்றம் இல்லை. சொல்லப்போனால் ஓரமாகச் சுற்றிப் போனால்தான் உரிமை இல்லாத இடத்தில் கால் வைக்கிறீர்கள். வயலை உழுதுவிட்டால் விவசாயி 14 நாளுக்குள் பாதையை மறுபடி நடக்கும்படி ஆக்கித் தரவேண்டும். வயலின் குறுக்கே போகும் நடைபாதைக்கு 1 மீட்டர் அகலமாவது விடவேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

பாதையை விட்டு இஷ்டத்துக்குத் திரியக்கூடிய திறந்த நிலங்களும் உண்டு. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேடு, புல்வெளி என்று பல இடங்களை அப்படித் திறந்துவிட்டது. வரைபடத்தில் அவை வெளிர் மஞ்சளாக இருக்கும். அது சும்மா கிடைத்த உரிமை அல்ல. 1932 ஏப்ரலில் டெர்பிஷையரின் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள்.

வரைபடம் என்றால் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரிசை. ஈஸ்ட்போர்ன், பீச்சி ஹெட் பகுதிக்கு எண் ஓ.எல். 25. அதில் 4 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. பச்சைக் கோடிட்ட வரிகள்தான் நமக்கான பாதைகள். கூகுள் மேப்பை நம்பி இறங்காதீர்கள். அது கார்க்காரனின் வரைபடம். வயல் நடுவே உங்களைக் கைவிட்டுவிட்டு, மறுபடி தார் ரோட்டுக்கே இழுக்கும். ஓரத்தில் நடக்க மேடை இல்லாத கிராமத்து ரோடுகள் வயல்களைவிடப் பல மடங்கு ஆபத்தானவை. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆப்பும் நல்லது, ஆனால் கிளம்புமுன் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

தூரத்துக்கு நேரம் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அவர் ஃபோட்டோ எடுக்கவில்லை, குழந்தைக்கு ஜிப் போட்டுவிடவில்லை, புளிசாதம் சாப்பிட உட்காரவில்லை. வருகிற விடையோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பலகைகளில் தூரம் மைலில் இருக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

காலுக்கும் பைக்கும்

கோடையில் காய்ந்த தரைக்கு, அடியில் பிடிப்புள்ள சாதாரண ஷூ போதும். அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை கணுக்காலை மூடும் நீர்புகாத பூட்ஸ் இல்லாமல் வராதீர்கள். இங்கே தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல். காய்ந்திருந்தால் கோலமாவு, நனைந்தால் சோப்பு. முதல் முறை சறுக்கி உட்கார்ந்தபோது என் கறுப்பு பேன்ட்டின் பின்புறம் யாரோ வெள்ளையடித்ததுபோல ஆனது, ரயிலில் வீடுவரை நின்றுகொண்டே வந்தேன். ஜீன்ஸ் வேண்டாம்; நனைந்தால் காயவே காயாது, காலோடு ஒட்டிக் குளிரேற்றும்.

மழை ஜாக்கெட்டை வெயில் அடித்தாலும் எடுத்துப் போங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். ஆல்ஃப்ரிஸ்டனுக்கும் எக்சீட்டுக்கும் நடுவே லிட்லிங்டனை விட்டால் கடை இல்லை, அதுவும் எப்போது திறந்திருக்கும் என்று நம்பி இருக்கமுடியாது. எனவே கட்டுச்சோறுதான் சரி. எலுமிச்சை சாதமும் ஃபிளாஸ்க்கில் டீயும் இந்தக் காற்றில் தரும் சுகம் எந்த கஃபேயிலும் கிடைக்காது. சிறிய டார்ச், கொஞ்சம் பேண்ட்-எய்ட், பவர் பேங்க். கழிவறைகள் ஆல்ஃப்ரிஸ்டன் கார் நிறுத்துமிடத்தருகே, எக்சீட்டில், கிழக்கே கடலோரம் இருக்கும் பர்லிங் கேப்பில் என்று மூன்று இடம்தான். கழிவறையைப் பார்த்தவுடனேயே போய்விட்டு வந்துவிடுங்கள்.

கோடையில் உயரமான புல்லுக்குள் நடந்தால் உண்ணி ஏறும். முழு பேன்ட் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சில நாளோ வாரமோ கழித்து வட்டமாகச் சிவந்து பரவினால் லைம் நோயாக இருக்கலாம். டாக்டரிடம் போய், எங்கே நடந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

முதல் நடை: ஆற்றோரம், ஒரு மணி நேரம்

பாதிரியார் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆற்றின்மேல் ஒரு வெள்ளை நடைபாலம் இருக்கிறது. அதைக் கடக்காமல், இந்தக் கரையிலேயே ஆறு போகும் திசையில் இறங்குங்கள். ஒன்றரை கிலோமீட்டர் சொச்சத்தில் லிட்லிங்டன் பாலம் வரும். அங்கே கடந்து, எதிர்க்கரையில் திரும்பி வந்தால் வெள்ளைப் பாலத்துக்கே வந்து சேர்வீர்கள். மொத்தம் மூன்றரை கி.மீ., ஏற்றமே இல்லை, வழி தவற வாய்ப்பே இல்லை. நடக்கும்போது மேற்குப் பக்கக் குன்றுச் சரிவில் ஒரு வெள்ளைக் குதிரை தெரியும். 1924-இல் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பை வெளியே எடுத்து வரைந்தது.

இந்தச் சின்ன நடையில்தான் கேட்டுகளைப் பழகவேண்டும். கிஸ்ஸிங் கேட் என்று ஒன்று உண்டு: அரைவட்ட வேலிக்குள் ஊஞ்சல்போல ஆடும் ஒற்றைக் கதவு. கதவைத் தள்ளி, உள்ளே நுழைந்து, மூலையில் ஒதுங்கி, கதவை நம் முன்னால் கடத்திவிட்டு மறுபக்கம் வெளியேறவேண்டும். மாடு அந்த வளைவில் திரும்பமுடியாது என்பதுதான் சூட்சுமம். முதுகில் பெரிய பை இருந்தால் நீங்களும் மாடுதான். பையைக் கழற்றித் தலைக்குமேல் தூக்கிக்கொள்ளுங்கள். ஸ்டைல் என்பது வேலியின் இருபுறமும் பலகைப் படி வைத்தது. ஈரத்தில் வழுக்கும், தூணைப் பிடித்து ஏறுங்கள். சாதாரண கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். மாடுகள் தண்ணீருக்குப் போவதற்காக விவசாயி திறந்து வைத்திருப்பார்.

மாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் மாட்டைத் தட்டிக்கொடுத்துப் பழகிய கை சும்மா இராது. இங்கே வேண்டாம். கன்றோடு இருக்கும் கூட்டத்துக்கு நடுவே போகவே போகாதீர்கள். தூரமாகச் சுற்றி, ஓடாமல், அமைதியாகக் கடந்துவிடுங்கள். இதற்காகப் பாதையைவிட்டுக் கொஞ்சம் விலகினால் யாரும் கேட்கமாட்டார்கள். நாய் இருந்தால் கயிற்றில் பிடியுங்கள், ஆனால் மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பித்துக்கொள்ளும்.

இரண்டாவது நடை: குன்றுமேல் ஒரு நெட்டை மனிதர்

இது 9-10 கி.மீ., அரை நாள். இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆல்ஃப்ரிஸ்டனில் சவுத் டவுன்ஸ் வே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை குதிரை, சைக்கிளுக்கும் சேர்த்து வின்டோவர் குன்றின்மேல் ஏறி, ஜெவிங்டன் வழியாக ஈஸ்ட்போர்ன் போகும். இன்னொன்று நடப்பவர்களுக்கு மட்டும், ஆற்றோரமாக இறங்கிக் கடலுக்குப் போகும். இரண்டிலும் அதே ஓக் கொட்டைச் சின்னம்! கொட்டையை மட்டும் பார்த்துப் போனால் கடலுக்குக் கிளம்பியவர் மலையில் நிற்பார். அம்பின் நிறத்தைப் பாருங்கள்: நீலம் மலைக்கு, மஞ்சள் கடலுக்கு.

நீலத்தைப் பிடித்து ஏறுங்கள். டவுன்ஸ் என்றால் 'கீழே' என்பதுபோல ஒலிக்கும், ஆனால் அது குன்று என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, ஏறத்தான் வேண்டும். மேலே மரம் இல்லை, காற்று மட்டும். வசந்தத்தில் தலைக்குமேல் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் வானம்பாடி நிற்காமல் பாடிக்கொண்டிருக்கும். வடக்குச் சரிவில் இருக்கிறார் வில்மிங்டனின் நெட்டை மனிதர்: இரண்டு கையிலும் கோல் பிடித்த, 70 மீட்டருக்கும் மேல் உயரமான வெள்ளைக் கோட்டுருவம். ஆதிகாலத்தது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; 2003-இல் நடந்த ஆய்வு 16 அல்லது 17-ஆம் நூற்றாண்டாக இருக்கலாம் என்று காட்டியது. உச்சியில் நின்று தேடினால் அவர் தெரியமாட்டார், அவருடைய தலைமேல்தான் நின்றுகொண்டிருப்பீர்கள். வில்மிங்டன் கிராமத்துக்கு இறங்கித் திரும்பிப் பார்க்கவேண்டும். அந்த ஊர்த் தேவாலய வளாகத்தில் முட்டுக்கட்டைகளும் சங்கிலியும் தாங்கி நிற்கும் யூ மரத்தின் வயது சுமார் 1,600 என்கிறார்கள். திரும்பி வர, குன்றின் அடிவாரத்தை ஒட்டிய பாதையைப் பிடித்தால் மறுபடி ஏறவேண்டியதில்லை.

மூன்றாவது நடை: கடலுக்கு

இதற்கு முழு நாளையும் கொடுங்கள், காலை பத்துக்குள் ஆல்ஃப்ரிஸ்டனில் இருங்கள்.

வெள்ளைப் பாலத்தருகே மஞ்சள் அம்பு. லிட்லிங்டன்வரை தெரிந்த வழிதான். அதற்கப்புறம் பாதை ஆற்றைவிட்டு விலகி, ஒரு குன்றின் மேலேறி இறங்கி, ஃபிரிஸ்டன் காட்டுக்குள் நுழையும். உயர உயரமான பீச் மரங்கள், அடியில் சருகு மெத்தை. காட்டுக்குள்ளே ஒளித்து வைத்ததுபோல வெஸ்ட்டீன் என்ற குட்டிக் கிராமம். கடை இல்லை, சத்தம் இல்லை. அங்கிருந்து காட்டுக்குள் நீளமான படிக்கட்டு ஒன்று ஏறுகிறது. மூச்சு வாங்க நின்று நின்று ஏறுங்கள். முடிகிற இடத்தில் ஒரு கல் மதில். அதைத் தாண்டியதும் சட்டென்று மரம் விலகும். கீழே பச்சைச் சமவெளியில் கக்மியர் ஆறு பாம்பு வளைந்ததுபோல நான்கைந்து வளைவு போட்டுக் கடலுக்குப் போகிறது. இந்தப் பகுதியில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் பிரபலமான வெள்ளைப் பாறைகளைச் சொல்லமாட்டேன், இந்த மதிலைத்தான் சொல்வேன். ஒரு வேடிக்கை: அந்த அழகான வளைவுகளில் இப்போது ஆறு ஓடுவதே இல்லை. 1840-களில் நேராக ஒரு கால்வாய் வெட்டி ஆற்றை அதில் திருப்பிவிட்டார்கள். வளைவுகளில் நிற்பது தேங்கிய நீர்.

புல்சரிவில் இறங்கினால் எக்சீட். கழிவறை, கஃபே, பஸ் நிறுத்தம். இங்கிருந்து கூழாங்கல் கடற்கரை 2 கி.மீ., சமதளம், தள்ளுவண்டிகூடப் பெரும்பகுதி போகும். களைத்துவிட்டால் கடலைப் பார்த்துவிட்டு இங்கேயே திரும்பி பஸ் பிடிக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

புத்தக அட்டையிலும் காலண்டரிலும் பார்க்கிற படம், அதாவது முன்னால் கடற்காவலர் குடிசைகள், பின்னால் ஏழு வெள்ளைப் பாறைகள், ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து எடுக்கப்படுவது. கடற்கரையில் ஆற்றைக் கடந்து அங்கே போய்விடலாம் என்று தோன்றும். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருப்பதுபோல் இருக்கும். இறங்காதீர்கள். ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்கும்போது இழுப்பு பலமாக இருக்கும், அடியில் சேறு. எக்சீட் பாலம்வரை திரும்பிவந்து மேற்குக் கரைப் பாதையில் போவதுதான் வழி. அந்தப் படம் மட்டும் போதும் என்றால் சீஃபோர்டு ரயில் நிலையத்திலிருந்து சீஃபோர்டு ஹெட் குன்றைத் தாண்டி நடந்து வந்துவிடுங்கள், அதுவே அழகான அரை நாள்.

தெம்பு இருந்தால் கிழக்கே ஏறுங்கள். முதல் குன்று ஹேவன் பிரவ், 77 மீட்டர், ஏழிலும் இதுதான் உயரம். இதில் ஏறிவிட்டால் மற்றது எல்லாம் இறங்கி ஏறி இறங்கி ஏறுவது. செவன் சிஸ்டர்ஸ் என்று பெயர். எண்ணிப் பார்த்துக் கணக்கு இடித்தால் உங்கள் தவறல்ல, கடல் அரித்து எட்டாவது ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. எக்சீட்டிலிருந்து பர்லிங் கேப்வரை ஏறக்குறைய 7 கி.மீ. நெய்ஸ்மித் கணக்கில் ஒன்றே முக்கால் மணி நேரம். எங்கள் வீட்டுக் கணக்கில் மூன்று.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பாறை விளிம்பில் பெரும்பாலும் வேலி கிடையாது. புல் விளிம்புவரை பச்சையாக ஓடும், அப்புறம் ஒன்றுமில்லை. மேலிருந்து பார்த்தால் கெட்டியான தரை. கீழிருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், அந்தப் புல் வெறும் காற்றின்மேல் நீட்டிக்கொண்டிருப்பது. எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த இந்தச் சுண்ணாம்பு, நகத்தால் கீறினாலே பொடியாகும். மழைக்குப் பிறகும் உறைபனிக்குப் பிறகும் லாரி லாரியாகச் சரிந்து விழும். பர்லிங் கேப்பில் விளிம்பை ஒட்டி வரிசையாக இருந்த வீடுகளில் பலவற்றைக் கடல் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக இடித்துவிட்டார்கள். அதற்கு அடுத்த குன்றில் இருக்கும் பெல் டூட் கலங்கரை விளக்கத்தை 1999-இல் அப்படியே பெயர்த்து 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். 2017 ஜூனில், தென்கொரியாவிலிருந்து படிக்க வந்த 23 வயதுப் பெண் விளிம்பருகே குதித்து ஃபோட்டோ எடுக்க முயன்று தவறி விழுந்து இறந்தார். விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நடங்கள். காற்று கடலை நோக்கி வீசும் நாளில் இன்னும் தள்ளி. குழந்தையின் கையை விடாதீர்கள். "இன்னும் ரெண்டு அடி பின்னால போ" என்று ஃபோனைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாதீர்கள்.

கீழே, பாறைகளின் அடியில் கடற்கரையோடு நடந்து பர்லிங் கேப் போவதும் வேண்டாம். ஓதம் ஏறினால் நடுவில் மேலே வர வழியே இல்லை, மேலிருந்து கல்லும் விழும். யாராவது மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் 999 அழைத்து "கோஸ்ட்கார்ட்" என்று கேளுங்கள். போலீஸ், ஆம்புலன்ஸ் என்று கேட்டால் நேரம் வீணாகும். கிளம்புமுன் வீட்டிலிருந்தே "ரெஜிஸ்டர்" என்ற ஆங்கில வார்த்தையை 999-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி, வரும் பதிலின்படி பதிவு செய்துவிட்டால், பேசமுடியாத அளவு சிக்னல் மோசமாக இருக்கும் இடத்திலும் குறுஞ்செய்தியால் உதவி கேட்கலாம்.

பர்லிங் கேப்பில் நேஷனல் டிரஸ்ட் இடத்தில் டீ குடித்துவிட்டு யோசியுங்கள். இன்னும் கிழக்கே 162 மீட்டர் உயரமுள்ள பீச்சி ஹெட்டைத் தாண்டி ஈஸ்ட்போர்ன் போனால் ஆல்ஃப்ரிஸ்டனிலிருந்து மொத்தம் 18 கி.மீ. போல வரும். முதல் முறைக்கு அது அதிகம் என்பது என் அபிப்பிராயம். வந்த வழியே எக்சீட் திரும்புவதும் அதே ஏழு ஏற்றம்தான். குன்றுகளை விட்டு உள்ளே ஃபிரிஸ்டன் பக்கமாகத் திரும்பும் பாதை ஒன்று வரைபடத்தில் இருக்கிறது, அதில் ஏற்றம் குறைவு.

எதைத் தேர்ந்தாலும் சூரியனைப் பார்த்துத் தேருங்கள். ஜூனில் இங்கே இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே அஸ்தமனம். எங்களுக்கு இது தெரியாமல் இல்லை, ஆனாலும் நவம்பர் கடைசியில் ஒரு முறை காட்டுக்குள் நாலரை மணிக்கு மாட்டிக்கொண்டோம். பகலில் இருபது நிமிடத்தில் கடந்த காடு அன்று ஒரு மணி நேரம் எடுத்தது. மூன்று பேருக்கு ஒரே ஃபோன் வெளிச்சம், அதுவும் 9 சதவீதத்தில். படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். அன்றிலிருந்து, நடந்து முடிய எவ்வளவு நேரம் என்று முதலில் கணக்குப் போடுவதில்லை. அஸ்தமன நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் கழித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று ஒரு நேரத்தை முடிவு செய்துவிடுகிறோம்.

எக்சீட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எந்தப் பக்கம் என்று குழப்பம் வரும். ரோட்டின் கடல் பக்கத்து நிறுத்தம் சீஃபோர்டு, பிரைட்டன் போக. காட்டுப் பக்கத்து நிறுத்தம் ஈஸ்ட்போர்ன் போக. கார்கள் வேகமாக வரும் ரோடு, இருட்டிய பிறகு கடப்பதென்றால் டார்ச்சை எரியவிட்டுக் கடவுங்கள். கை நீட்டினால்தான் பஸ் நிற்கும். லண்டன் போகிறவர்கள் சீஃபோர்டில் இறங்கினால் லூயிஸுக்கு நேராக ரயில் உண்டு, அங்கே விக்டோரியாவுக்கு மாறிக்கொள்ளலாம். ஏறுமுன் பூட்ஸ் இரண்டையும் ஒன்றோடு ஒன்று தட்டிச் சுண்ணாம்பை உதிர்த்துவிடுங்கள். அந்த நிறுத்தத்துத் தரை வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.